48 அங்குலத்தில் மூன்று குழந்தைகள்

சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆரணியிலிருந்து படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் வழியில், சாலை வளைவொன்றில் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை முழுமூச்சாக அழுத்தினேன். ஆடு தப்பியது. கார் எதன்மீதும் மோதவில்லை. வேகமும் நாற்பதைத் தாண்டியிருக்காது. ஆனால் பின்னிருக்கையில் என் தாயாரின் மடியில் உட்கார்ந்திருந்த பதினொரு மாதக் குழந்தை, என் தங்கையின் மகள், அவர் கைகளிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவள் போலச் சென்று முன்னிருக்கையின் முதுகில் மோதினாள். மேலுதடு கிழிந்து, புதிதாக முளைத்திருந்த இரண்டு பற்களில் ஒன்று ஆட்டங்கண்டது. கோயிலுக்குப் போகாமல் திரும்பினோம்.

காயம் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. ஆறாமல் நின்றது என் தாயார் சொன்ன ஒரு வாக்கியம். மருத்துவரிடம் சொன்னார், மாப்பிள்ளையிடம் தொலைபேசியில் சொன்னார், பக்கத்து வீட்டாரிடம் சொன்னார், பிறகு யாரும் கேட்காதபோதும் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் கெட்டியாத்தாம்பா புடிச்சிருந்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. ஐந்து பிள்ளைகளையும் ஏழு பேரக்குழந்தைகளையும் ஏந்திய கைகள் அவை. அந்தக் கைகள் ஏன் போதவில்லை என்று தேடப்போய்த்தான், குழந்தைக்கென்று காரில் தனி இருக்கை வந்த வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. தமிழ் கற்பிப்பவனுக்குக் கார் இருக்கையின் வரலாறு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் அது ஒரு மடியின் வரலாறாக மாறிவிட்டது என்பதே என் பதில்.

*

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அன்று காரில் ஏழு பேர் இருந்தோம். ஓட்டுநர் இருக்கையில் நான். பக்கத்தில் என் மனைவி, அவள் மடியில் நான்கு வயது மகள். பின்னால் தாயார், தங்கை, ஏழு வயது மகன், மடிக்குழந்தை. ஐந்து பேருக்கென்று பதிவுச் சான்றிதழில் எழுதியிருக்கும் காரில் ஏழு பேர். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் ஏழு பேர் என்ற எண்ணமே இல்லை. "நாலு பேரும் பிள்ளைங்களும்" என்றுதான் சொல்லிக்கொண்டு புறப்பட்டோம். நம் எண்ணிக்கையில் குழந்தை ஓர் ஆள் அல்ல. பேருந்தில் மடியில் இருக்கும் குழந்தைக்குச் சீட்டு இல்லை, வளர்ந்த பிள்ளைக்கு அரைச் சீட்டு. முழு இடம் என்பது வயதோடு சேர்ந்து வருவது.

திரும்பி வந்த வாரமே மூன்று குழந்தைகளுக்கும் இருக்கை வாங்குவது என்று முடிவாயிற்று. கடையில் இருந்தவற்றின் அகலத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். பெரும்பாலானவை 44 செண்டிமீட்டர் அளவில் இருந்தன. பின்னிருக்கையை அளக்க நாடா தேடியபோது, தாயார் தூளிக்குப் பயன்படுத்தும் தம் பழைய பட்டுச்சேலையைக் கொண்டுவந்து கதவுக்குக் கதவு விரித்தார். சேலையின் பன்னா அப்படியே பொருந்தியது. ஆரணியில் பிறந்தவர்களுக்குப் பன்னா என்றால் விளக்கத் தேவையில்லை. தறியில் துணி இறங்கும் அகலம் அது. சேலைக்கு அது 48 அங்குலம், அதாவது 122 செண்டிமீட்டர். மூன்று இருக்கைகளுக்கு 132 வேண்டும். பத்துச் செண்டிமீட்டர் பற்றாக்குறை. ஓர் உள்ளங்கை அகலம்தான். ஆனால் இரும்பும் நெகிழியும் மடியைப்போல ஒடுங்கிக்கொடுப்பவை அல்ல.

*

குழந்தையின் வயதைத் திங்கள் கணக்கில் பகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இயல்பைச் சொன்ன இலக்கிய வகை நம்மிடம் உண்டு. பிள்ளைத்தமிழ். மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி என்று தொடர்ந்து, ஆண்பாலில் சிறுதேரில் முடியும். பக்தியும் புகழ்ச்சியும் ஒருபுறம் இருக்க, இந்தப் பகுப்புக்கு அடியில் இருப்பது குழந்தையின் உடலைக் கூர்ந்து பார்த்த கண். செங்கீரைப் பருவம் என்பது என்ன? ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடும் பருவம். தலை நிற்கத் தொடங்கும் காலம். கழுத்து நின்றதா என்பதே நம் பாட்டிகள் குழந்தையைத் தூக்குமுன் கேட்கும் முதல் கேள்வி.

கார் இருக்கையின் வரலாறும் அந்தக் கேள்வியில்தான் சூடுபிடிக்கிறது. ஆனால் அது அங்கே தொடங்கவில்லை. 1930களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த குழந்தை இருக்கைகள் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டவை அல்ல. குழந்தையைச் சற்று உயர்த்தி வைத்து, அது சன்னல் வழியே வேடிக்கை பார்க்கவும், ஓட்டுகிற தந்தையின் கண்ணில் படும்படி ஓரிடத்தில் இருக்கவும் உதவிய முக்காலிகள் அவை. முன்னிருக்கையின் மேல் கொக்கிபோட்டு மாட்டிய சில வகைகளில், குழந்தை பிடித்து விளையாடச் சிறு பொம்மைச் சக்கரம்கூட இருந்தது. விபத்தென்று வந்தால் அவை குழந்தையை ஒரு கணமும் தடுத்திருக்க மாட்டா.

அப்போது பெரியவர்களுக்கே தடுப்பு இல்லை. ஸ்வீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் தோளையும் இடுப்பையும் மூன்று முனைகளில் பிணைக்கும் இருக்கைப் பட்டையைக் கொண்டுவந்தது 1959-இல். அது வளர்ந்த உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இடுப்பெலும்பின் மேலும் தோளெலும்பின் மேலும் படியவேண்டிய பட்டை, குழந்தையின் வயிற்றிலும் கழுத்திலும் படியும். குழந்தைக்கு வேறு வழி வேண்டும் என்பது 1962-ஐ ஒட்டிப் பலருக்கும் ஒரே காலத்தில் தோன்றியிருக்கிறது. இங்கிலாந்தில் ஜீன் ஏம்ஸ், அமெரிக்காவில் லெனார்ட் ரிவ்கின் ஆகியோர் குழந்தையைப் பட்டைகளால் பிணைக்கும் இருக்கைகளை வடிவமைத்தனர்.

ஆழமான பதிலைச் சொன்னவர் பெர்டில் ஆல்ட்மன் என்ற ஸ்வீடன் மருத்துவர். விண்கலத்தில் அமெரிக்க வீரர்கள் எப்படி அமர்த்தப்பட்டார்கள் என்பதைப் பார்த்தபோது அவருக்கு அந்த எண்ணம் வந்ததாகச் சொல்வார்கள். ஏவுகணையின் உந்துவிசையை வீரர்கள் முதுகு முழுவதிலும் வாங்கிக்கொள்ளும்படி சாய்ந்து கிடந்தார்கள். விசையை ஒரு பட்டையின் அகலத்தில் வாங்குவதைவிட முதுகு முழுவதும் பரப்பி வாங்குவது மேல் அல்லவா? 1964-இல் அவர் குழந்தையைக் காரின் பின்புறம் பார்த்தபடி அமர்த்தும் இருக்கையின் முதல் மாதிரியைச் செய்தார். பிறந்த குழந்தையின் தலை அதன் உயரத்தில் கால் பங்கு. வளர்ந்தவர்களுக்கு எட்டில் ஒரு பங்குதான். அந்தப் பெருந்தலையைத் தாங்கும் கழுத்தின் எலும்புகள் இன்னும் முழுதாக இறுகாதவை. முன்னோக்கி அமர்ந்திருந்தால் உடல் பட்டையில் நிற்க, தலைமட்டும் முன்னே பாயும். பின்னோக்கி அமர்ந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஒன்றாக இருக்கையின் குழிவில் அமிழும். இருக்கை ஒரு பெரிய உள்ளங்கைபோல வேலை செய்யும்.

2013-இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகள் ஒழுங்குமுறை எண் 129, பதினைந்து மாதம் நிறையும்வரை குழந்தை பின்னோக்கியே அமரவேண்டும் என்கிறது. பதினைந்தாம் திங்கள், அம்புலிப் பருவம். நிலவைக் காட்டும் வயது வரும்வரை குழந்தைக்கு வந்த வழியைத்தான் காட்டவேண்டும் போலும். இது தற்செயலான பொருத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆயினும் இரண்டு பட்டியல்களும் ஒரே இடத்தைப் பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன: குழந்தையின் கழுத்தை.

*

கருவி வந்ததும் மடி தோற்றுவிடவில்லை. அதற்கு ஒரு சட்டமன்றச் சண்டை தேவைப்பட்டது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் பல ஆண்டுகள் முயன்று, 1977-இல் ஒரு சட்டம் நிறைவேறக் காரணமானார். சிறு குழந்தைகளைக் காரில் அழைத்துச் செல்லும் பெற்றோர் அவர்களைப் பாதுகாப்பு இருக்கையில் அமர்த்தவேண்டும் என்பது சட்டம். 1978 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அவ்வகையில் அந்நாட்டிலேயே முதலாவது. ஆனால் அது நிறைவேற ஒரு விலை கொடுக்கவேண்டியிருந்தது. பெரியவர் ஒருவர் கையில் ஏந்தியிருக்கும் குழந்தைக்கு இருக்கை வேண்டியதில்லை என்று ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டார்கள். தாயின் கையைவிடப் பாதுகாப்பான இடம் எது என்று கேட்டால் எந்தச் சட்டமன்றத்தில்தான் பதில் சொல்ல முடியும்?

சாண்டர்ஸ் தரப்பினர் அந்த விலக்குக்கு இட்ட பெயர் கொடூரமானது: 'குழந்தை நசுக்கி'. மோதலின்போது ஏந்தியிருப்பவரின் உடலும் முன்னே பாய்கிறது. அதற்கும் முன்னிருக்கைக்கும் இடையில் குழந்தை மாட்டிக்கொள்கிறது. காப்பதற்காக அணைத்தவரே பாரமாகிவிடுகிறார். 1981-இல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. 1985-க்குள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் குழந்தை இருக்கைச் சட்டம் வந்துவிட்டது.

இதைப் படித்த இரவு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று கொள்வோம். 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்கும் விசை வேண்டும். இரண்டு அரிசி மூட்டைகளை எதிர்பாராத ஒரு கணத்தில் கைகளால் பிடித்து நிறுத்துவதை நினைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு நேர்ந்தது மோதல்கூட அல்ல. வெறும் பிரேக். அதில் வரும் விசை குழந்தையின் எடை அளவுக்குத்தான் இருக்கும். ஆனாலும் எதிர்பாராத கைகளுக்கு அதுவே அதிகமாயிற்று.

மறுநாள் தாயாரிடம் இதைச் சொன்னேன். யார் பிடித்திருந்தாலும் நின்றிருக்காது, பயில்வானாக இருந்தாலும் நின்றிருக்காது என்றேன். குற்றவுணர்விலிருந்து அவரை விடுவிப்பதாக எண்ணம். அவர் முகம் இன்னும் வாடியது. தம் பிடி தளர்ந்தது என்பதைவிட, தம் பிடியே போதாது என்பது பெரிய செய்தி என்று எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

*

இனி அந்தப் பத்துச் செண்டிமீட்டர் எங்கே போயிற்று என்று பார்க்கவேண்டும்.

இந்தியச் சாலைகளில் முன்பு ஆண்ட அம்பாசிடர் கார் 1.6 மீட்டருக்கும் அதிக அகலம் கொண்டது. 1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 வந்தது. முதல் காரின் சாவியை இந்திரா காந்தி தில்லியில் வழங்கினார். அந்தக் காரின் மூலம் ஜப்பானிய சுசுகி நிறுவனத்தின் மிகச்சிறு கார். ஜப்பானில் 'கேய்' என்று ஒரு வகை உண்டு. அரசு விதித்த அளவுக்குள் காரைக் கட்டினால் வரியும் பிற சலுகைகளும் கிடைக்கும். 1976 விதிப்படி நீளம் 3.2 மீட்டர், அகலம் 1.4 மீட்டர். இங்கே வந்தபோது 796 சிசி எஞ்சின் இருந்தாலும் உடற்கட்டு அந்த வரம்பை ஒட்டியே வந்தது. 1998-இல் ஜப்பான் அகல வரம்பை 1.48 மீட்டராக உயர்த்தியது. அந்த அளவை ஒட்டிப் பிறந்த கார்களும் பின்னர் இங்கே பெருவாரியாக ஓடின. என்னுடையதும் அந்த வழிவந்ததே. ஆரணிப் பின்னிருக்கையின் பன்னாவை நிர்ணயித்தது டோக்கியோவின் வரிச் சட்டம் என்றால் மிகையில்லை. நம் அரசும் சிறு காருக்குச் சலுகை தந்ததுண்டு. 2006 வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு உட்பட்ட கார்களுக்கு உற்பத்தி வரி குறைந்தது. அது நீளத்தைப் பற்றியது. பின்னிருக்கையில் எத்தனை பேர் தோள் உரசாமல் உட்காரலாம் என்பதைப் பற்றி ஒரு வரியும் கவலைப்படவில்லை.

அகலத்தைப் போலவே எண்ணிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியா 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக எடுத்துக்கொண்டது. இரண்டோ மூன்றோ போதும் என்று பேசிய அரசு விளம்பரங்கள் பின்னர் நாம் இருவர், நமக்கு இருவர் என்று இறுகின. சிவப்பு முக்கோணத்தை அறியாத தலைமுறை என் மாணவர்கள். எங்கள் தலைமுறைக்கு அது பள்ளிச் சுவரிலும் பேருந்து முதுகிலும் பார்த்துப் பழகிய சின்னம். மாருதி 800 அந்தச் சுவரோவியக் குடும்பத்துக்கு அளவெடுத்ததுபோல வந்து சேர்ந்தது. முன்னே இருவர், பின்னே இருவர்.

அந்தக் குடும்பம் இன்றும் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. 2014 சனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத அந்த மாதிரிகள் ஐந்தும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் சுழியம் வாங்கின. அதன் தொடர்ச்சியாக நம் அரசே 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்ற சோதனை முறையைத் தொடங்கியது. இந்தச் சோதனைகளில் பின்னிருக்கையில் வைக்கப்படும் குழந்தைப் பொம்மைகள் இரண்டு: ஒன்று பதினெட்டு மாதக் குழந்தையின் அளவு, மற்றொன்று மூன்று வயதுக் குழந்தையின் அளவு. காரின் எலும்புக்கூட்டோடு இருக்கையைப் பூட்டும் ஐசோபிக்ஸ் கொக்கிகளும், 28 செண்டிமீட்டர் இடைவெளியில், பெரும்பாலும் இரு ஓரங்களில்தான் இருக்கும். நடுவில் இல்லை. பல சிறு கார்களில் நடுவில் தோள்பட்டையும் இல்லை, இடுப்புப் பட்டை மட்டுமே. மூன்றாவது குழந்தை எந்த வரைபடத்திலும் இல்லை.

இதிலே ஒரு விசித்திரம். அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஜோர்டன் நிக்கர்சன், டேவிட் சாலமன் இருவரும் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே குழந்தை இருக்கைச் சட்டங்களின் வயது வரம்பு ஏற ஏற, இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பங்கள் மூன்றாவதைப் பெற்றுக்கொள்வது குறைந்தது என்பது அவர்கள் வாதம். சாதாரணக் காரில் மூன்று இருக்கை நுழையாது, பெரிய கார் வாங்கவேண்டும், ஆகவே மூன்றாவது வேண்டாம். 2017 என்ற ஓர் ஆண்டில் இந்தச் சட்டங்கள் 57 குழந்தைகளின் உயிரைக் காத்தன. அதே ஆண்டில் சுமார் 8,000 பிறப்புகள் நிகழாமல் போயின என்பது அவர்கள் மதிப்பீடு. நிகழாத பிறப்பை எண்ணுவது புள்ளியியலாளர்களுக்கே கைவந்த கலை. அதை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் இங்கே அரசு பல பத்தாண்டுகள் சுவரெழுத்தாலும் முகாம்களாலும் செய்ய முயன்றதை, அங்கே பின்னிருக்கையின் அகலம் ஓசையின்றிச் செய்திருக்கக்கூடும் என்ற எண்ணம் என்னைத் திடுக்கிடவைத்தது.

தமிழகத்துக்கு அந்தக் கவலை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். நம் பின்னிருக்கையில் மூன்று குழந்தைகள் சேர்வது ஒரு வயிற்றில் பிறந்து அல்ல. அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையுமாக. இங்கே இடநெருக்கடி குடும்பத்தின் பெருக்கத்தால் வரவில்லை, உறவின் நெருக்கத்தால் வருகிறது.

அதுவும் கார் வைத்திருப்பவர்கள் பாடு. ஆரணியின் உண்மையான குடும்ப வாகனம் இருசக்கர வண்டி. முன்னே நிற்கும் ஒரு பிள்ளை, நடுவில் ஒன்று, தாயின் மடியில் ஒன்று. அப்படியொரு குடும்பத்தைச் சாலையில் பார்த்ததே நானோ கார் பிறக்கக் காரணம் என்று ரத்தன் டாட்டா சொன்னார். 2008 சனவரியில் ஒரு லட்சம் ரூபாய்க் காராக அறிமுகமான நானோ பத்தாண்டுகளில் மறைந்துபோயிற்று. ஸ்கூட்டர் குடும்பம் இன்னும் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கொண்டுசென்றால் ஆயிரம் ரூபாய் தண்டம் என்கிறது. இருசக்கர வண்டியில் செல்லும் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசமும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் நாற்பதைத் தாண்டக்கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஊரில் இந்த இரண்டு விதிகளுக்காகவும் எவரும் நிறுத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

*

குழந்தைக்கென்று தனி இடம் ஒதுக்குவது ஆரணிக்குப் புதிதல்ல. கோர்வைப் பட்டு நெய்யும் தறியில் குழந்தைக்கு ஓர் இடம் இருந்தது.

உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக, இரண்டையும் இழைக்கு இழை பிணைத்து நெய்வது கோர்வை. அதற்கு ஒரே பன்னாவில் மூன்று நாடா ஓடவேண்டும்: இரு கரைக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. ஒரு நெசவாளியால் மூன்றையும் தள்ள முடியாது. எனவே பக்கத்தில் ஓர் உதவியாள் வேண்டும். அந்த உதவியாள் பெரும்பாலும் ஒரு குழந்தை. காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் கொத்தடிமைகளாக உழைத்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2009-இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டமும் அந்தப் பலகையிலிருந்து குழந்தைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பின. விசைத்தறியும் மாறிய கூலியும் தறிகளையே குறைத்துவிட்டது வேறு கதை.

என் தாயார் அந்தப் பலகையில் உட்கார்ந்தவர். எட்டு வயதில், தம் தந்தையின் குழித்தறிக்குப் பக்கத்தில், கரை நாடா தள்ள. எழுந்து போகக்கூடாது. கால் மரத்துப்போனாலும் எழக்கூடாது, ஏனெனில் ஒரு நாடா நின்றால் மூன்றும் நிற்கும். இருக்கைகளை வாங்கி வந்து பெட்டியைப் பிரித்தபோது, ஐந்து முனைப் பட்டைகளையும் அவற்றைப் பூட்டும் சிவப்புப் பொத்தானையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் கேட்டார்: "பிள்ளையக் கட்டிப்போடறதுக்கு இவ்ளோ காசா?"

கட்டிப்போடுதல் என்ற சொல் அவர் வாயில் வேறு பொருளில் வந்தது எனக்குப் புரிந்தது. அன்று குழந்தையை ஓரிடத்தில் இருத்தியது பட்டுக்காக. இன்று இருத்துவது குழந்தைக்காக. இந்த வேறுபாட்டைச் சொன்னேன். "சரிதான்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

*

அந்தப் பத்துச் செண்டிமீட்டரை எப்படிக் கண்டெடுத்தோம் என்பதையும் சொல்லவேண்டும். யாருக்காவது உதவலாம்.

ஒரே மாதிரியான மூன்று இருக்கை என்ற எண்ணத்தைக் கைவிட்டோம். கைக்குழந்தைக்கு 44 செண்டிமீட்டரில் பின்னோக்கிய இருக்கை. நான்கு வயதுக்காரிக்கு 40-இல், தோள்பட்டைகளோடு கூடிய ஒடுக்கமான முன்னோக்கிய இருக்கை. ஏழு வயதுக்காரனுக்கு 38-இல், முதுகில்லாத உயர்த்திப் பலகை. கூட்டினால் 122. உயர்த்திப் பலகைக்குத் தோள்பட்டை கட்டாயம் வேண்டும், ஆகவே மகன் கதவோரம். இடுப்புப் பட்டையை மட்டும் கொண்டும் பொருத்தலாம் என்று கையேடு அனுமதித்த இருக்கை மகளுடையது, ஆகவே அவள் நடுவில். பின்னோக்கிய இருக்கை மற்றொரு கதவோரம். அதன் அகலமான பகுதி முன்னே தள்ளி நிற்பதால் மகளின் தோளோடு மோதவில்லை. ஒரு பிள்ளையை முன்னிருக்கைக்கு மாற்றலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். காற்றுப்பை விரியும் இடத்தில் பின்னோக்கிய இருக்கையை வைப்பது மோதலைவிடக் கொடியது. வளர்ந்த பிள்ளைக்கும் பின்னிருக்கையே நல்லது.

மூன்று முறை முயன்றும் பொருந்தவில்லை. ஓரத்து இருக்கையைப் பூட்டினால் நடுப்பட்டையின் கொளுவிக்குள் கை நுழையவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தாயார் சொன்னார்: "மூணு நாடாவும் ஒண்ணா ஓடாதுப்பா. ஒண்ணு போய் ஒண்ணு வரணும். நடுவுல இருக்கறத மொதல்ல இறுக்கு." நடு இருக்கையை முதலில் முழங்காலால் அழுத்தி இறுக்கினேன். பிறகு பின்னோக்கிய இருக்கை. கடைசியில் உயர்த்திப் பலகை. பொருந்தியது. ஒரு விரல் நுழையவும் இடமில்லை, ஆனால் பொருந்தியது.

எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. பின்னிருக்கை நிறைந்துவிட்டது. முன்னே நான், பக்கத்தில் ஒருவர். நாங்கள் ஏழு பேர்.

காரில் குழந்தைக்கு இருக்கை வந்த வரலாற்றை மடி விலகிய வரலாறு என்றும் படிக்கலாம். ஆல்ட்மனின் குழிவான இருக்கை, சாண்டர்ஸ் நீக்கவைத்த விலக்கு, 194பி பிரிவு ஆகிய ஒவ்வொன்றும் குழந்தையை ஒரு மடியிலிருந்து எடுத்துத் தனியே வைத்தது. எடுத்தது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. கிழிந்த உதட்டைப் பார்த்தவனுக்கு ஐயம் வராது. ஆனால் அகலமான கார் உள்ள நாட்டில் மடிக்கு உரியவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறார். 48 அங்குலப் பின்னிருக்கையில் குழந்தைக்கு முழு இடம் தந்தால், இடத்தை இழப்பவர் பாட்டி. பாதுகாப்பின் விலையை யாரோ ஒருவர் கொடுக்கத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் அதைக் கொடுக்க அவரே முன்வந்தார். "நான் பஸ்ஸுல வந்துடறேன்" என்றார், யாரும் கேட்பதற்குள்.

இந்த ஆடியில் மறுபடியும் படவேடு போனோம். காரில் நானும் தங்கையும் மூன்று பிள்ளைகளும். தாயாரும் என் மனைவியும் பேருந்தில். ஆடி வெள்ளிக் கூட்டத்தில் தாயாருக்கு எப்படியோ உட்கார இடம் கிடைத்திருக்கிறது. பக்கத்தில் நின்றுகொண்டு வந்த யாரோ ஒரு பெண், நம் பேருந்துகளில் வழக்கமாக நடப்பதுபோல, ஒரு சொல்லும் இல்லாமல் தன் பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டாள். பேருந்தில் பட்டை ஏது, இருக்கை ஏது. இறங்கும்வரை அந்தப் பிள்ளை அவர் மடியிலேயே தூங்கிக்கொண்டு வந்ததாம்.

கோயில் வாசலில் சந்தித்தபோது தாயார் எங்களிடம் முதலில் சொன்னது அதைத்தான். சொல்லிவிட்டு, நான் ஏதோ கேட்டுவிட்டதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

"கெட்டியாத்தாம்பா புடிச்சிருந்தேன்," என்றார்.